கோடையில் மட்டும்

இன்ஜினியர் சிவநேசன்
செருப்பை வாசலில் விட்டுவிட்டு
பேனாவின் பின்பக்கத்தால்
என் வீட்டைத் தட்டிக்கொண்டே வந்தார்.
சில இடங்களில் வீடு கெட்டியாகப் பதில் சொன்னது,
சில இடங்களில்
காலிக் குடத்தின் குரலில்.

குத்தாலத்தில் அன்று விட்டுவிட்டு மழை.
வாங்குகிற ஜெகபர் சார்ஜாவிலிருந்து வீடியோவில்,
அவர் மனைவி நஸீமா குடையோடு நேரில்.
போனைத் தூக்கிப் பிடித்து
கணவனுக்குச் சுவர்களைக் காட்டினாள்,
சில நேரம் சுவர்களுக்குக் கணவனை.

படுக்கையறைத் தெற்குச் சுவர், ஓதம், மூன்றடி உயரம்.
எழுதிக்கொண்டார்.
குடிவைப்பதற்கு முதல் நாள்
அதன்மேல் வெள்ளையடித்தது நான்தான்.
அது பொறுமையாக, ஒரே ஆடியில்,
என் பெயின்ட்டை அப்பளமாகப் பொரித்துத் தள்ளியது.

படிக்கட்டுக்கு அடியில் ஒயருக்கு எர்த் இல்லை.
குளியலறையில் வாட்டம் தப்பி
மூலையில் தேங்குகிறது தண்ணீர்.
அடுப்படி ஸ்லாபில் காரை விழுந்து
"கம்பி துருப்பிடிச்சு ஊதியிருக்கு மேடம்."
அதற்கு நேர் கீழேதான்
பதினோரு வருடம் சோறு வடித்தேன்.

ஏழு குறைகள்.
கால்குலேட்டர் ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் என்றது.
"நீங்களே சரிபண்ணித் தர்றீங்களா,
இல்ல வெலையில கழிச்சுக்கலாமா?"

எனக்கு என்னைத் தெரியும்.
சரிபண்ணுகிறேன் என்றால்
ஒரு மூட்டை சிமெண்ட், ஒரு டப்பா பெயின்ட்,
பத்திரப் பதிவு வரைக்கும் தாங்குங்கள் என்று
கொத்தனாரிடமும் கடவுளிடமும் சொல்லுவேன்.
"கழிச்சுக்குங்க."
அதில் பாதி நேர்மை, பாதி சோம்பல்.

எட்டாவது ஒன்று உண்டு.
கூடத்தின் மேலண்டைச் சுவரில்
ஜன்னல் மூலையிலிருந்து தரை வரைக்கும்.
சிவநேசன் அதன் எதிரில் நின்றுதான் டீ குடித்தார்.
ஒரு தட்டும் தட்டினார்.
கெட்டி.

களிமண் பூமி இது.
சம்பாவுக்குத் தண்ணீர் ஏறி, மேலே மழையும் சேர்ந்தால்
மண் உப்பி வீட்டை நெருக்கிப் பிடிக்கும்.
ஐப்பசியில் அந்த விரிசல் ஒரு தலைமுடி.
பங்குனி வெயிலில் வாய் திறக்கும்.
ஒரு சித்திரையில் அதை உண்டியல் என்று சொல்லி
அகிலன் ஐந்து ரூபாய் நாணயம் போட்டான்.
விழுந்த சத்தம் கேட்டது.
எடுக்க முடியவில்லை.

பார்த்துத்தான் ஐப்பசியில் விற்கிறாள் என்று
யாரும் சொல்லிவிட முடியாது.
ஓசூருக்கு மாற்றல் உத்தரவு இப்போதுதான் வந்தது.
ஆனால் காலண்டரைப் பார்த்தபோது
உள்ளே ஒருத்தி
சத்தமில்லாமல் கால் நீட்டி உட்கார்ந்ததை
நான் பார்த்தேன்.

இன்ஜினியர் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்.
நஸீமா குடையை விரித்தாயிற்று.
"சித்திரையில ஒரு தடவ வந்து பாருங்க" என்றேன்.
விருந்துக்குக் கூப்பிடுவதாக நினைத்து
"இன்ஷா அல்லாஹ்" என்று சிரித்தாள்.
"அதுக்கில்ல. அந்தச் சுவரு."
சொன்னேன்.
நாணயம் வரைக்கும் சொன்னேன்.

போனில் ஜெகபர் அசையவில்லை.
சிக்னல்கூடக் காரணமாக இருக்கலாம்.
நஸீமா குடையை மடக்கிவிட்டு உள்ளே வந்து
அந்த முடியை நகத்தால் கீறிப் பார்த்தாள்.
"நீடூர்ல எங்க வீட்ல ரெண்டு வெரல் போவும்.
பல்லி குடும்பமே நடத்தும்."
எனக்கு மூச்சு வந்தது.
"அதனால இன்னொரு நாப்பதாயிரம் கொறச்சுக்குங்க."

இருபத்தைந்தில் வந்து நின்றது.
"அந்த அஞ்சு ரூபா?" என்றேன்.
"அது சுவரோட சேத்தி."

தரகர் கோதண்டம் முழங்காலில் அட்டையை வைத்து
குறைகளை வரிசையாக எழுதினார்.
எட்டாவதில் பேனா நின்றது.
சுவரைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
கதவுக்கு வெளியே
கரை தொட்டு ஓடும் வாய்க்காலைப் பார்த்தார்.
பிறகு எழுதினார்:

கூடம், மேலண்டைச் சுவர், விரிசல் ஒன்று.
கோடையில் மட்டும்.